திருப்பத்தில் சிக்கிய சந்தூக்கு

அக்டோபர் 7

பெரிய பாலத்தின் கடைசி உத்திரமும் உட்கார்ந்துவிட்டது. அதிவேகச் சாலை மாத இறுதியில் திறப்பு. என் பொறுப்பில் இருந்த நடைமேம்பாலமும் முடிந்த மாதிரிதான். சாலைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர், அந்தப் பக்கம் சந்தையும், இறந்தவர்களை அடக்கும் மையவாடியும். ஊருக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

மாலையில் ஹம்மு மாமா ஏறிப் பார்த்தார், சரிவுப்பாதை திரும்பும் வளைவில் நின்றுவிட்டார். அம்மாவின் தம்பி, பாராட்டு அவர் வாயில் வராது.

"மூஹா, மய்யத்தைத் தூக்கிட்டுப் போறப்போ சந்தூக்கு இந்த வளைவுல திரும்புமாடா?"

காலையில் அளந்து பார்க்க வேண்டும்.

அக்டோபர் 8

சடலத்தைச் சுமக்கும் சந்தூக்கையும் வளைவையும் அளந்தேன். திரும்பாது.

நடப்பவர், மிதிவண்டி, கழுதை — எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டேனே! வாப்பாவின் மய்யத்தைத் தோளில் சுமந்து போனவன் நான். எப்படி மறந்தேன்?

அக்டோபர் 10

திட்ட மேலாளர் பெர்ராதாவிடம் சொன்னேன். வளைவை மட்டும் உடைத்து அகலமாகக் கட்டலாம் என்றேன்.

"திறப்பு விழாவை வச்சுக்கிட்டு உடைக்கிறதா? வண்டியில ஏத்திச் சுத்திக் கொண்டுபோகட்டும். செத்தவங்களுக்கு என்ன அவசரம்?"

எங்கள் ஊரில் தோள் மாறி தோள் மாறித்தான் மய்யத்து போகும். வண்டியில் போனால் நாதியற்றவன் என்று அர்த்தம். சாலையோரம் வேலி அடைத்துவிட்டால் தூக்கிக்கொண்டு நடக்க வேறு வழியும் கிடையாது. இந்த மனிதருக்கு எப்படிப் புரியவைப்பது?

அக்டோபர் 14

பெர்ராதா பாலத்தைப் பார்வையிட வந்த நேரம், பள்ளிவாசலிலிருந்து சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஊரே வந்துவிட்டது. அதில் படுத்திருந்தது மாமா! உயிரோடு, ஜெல்லாபா அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

இட்டோ மாமி கீழே நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "எந்திரிங்க! உசிரோட அதுல படுப்பாங்களா? விளையாட்டா இது?"

வளைவில் நான்கு பேரும் சிக்கினார்கள். முன்னால் தூக்கியவனைக் கைப்பிடிக் கம்பி நெருக்க, பின்னவனுக்குக் கால் இடற, சந்தூக்கு சாய்ந்தது. மாமா வழுக்கினார். பாய்ந்து பிடித்தேன்.

மாமா பெர்ராதாவைப் பார்த்தார். "உசிரோட இருக்கிற நானே விழப் பாத்தேன் ஐயா. பிடிச்சுக்கத் தெரியாதவன் என்ன பண்ணுவான்?"

பெர்ராதாவின் முகம் வெளுத்தது. ஆனாலும் கிளம்பும்போது என் காதோடு சொன்னார்: "வேலை முடிஞ்சுதுன்னு நாளைக்கு உன் கையெழுத்து வேணும். இல்லேன்னா நீ இங்க இல்ல."

அக்டோபர் 15

போடவில்லை.

அக்டோபர் 16

வேலை போயிற்று. ஆறுதல் சொல்ல வருவார் என்று பார்த்தால் மாமா திட்டுகிறார். "முட்டாப்பயலே, இதுக்கா உன்னைப் படிக்க வச்சோம்?"

சந்தூக்கில் ஏறிப் படுத்தது யாராம்?

அக்டோபர் 29

என் இடத்துக்கு வந்தவனும் வளைவைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டானாம். திறப்பு தள்ளிப்போயிருக்கிறது. உடைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்கிறாள் மாமி. நம்பலாமா?

ஜனவரி 22, அகாதிர்

ஊரைவிட்டுத் தொலைவில், இங்கே சாக்கடை கட்டும் வேலை. பாதிச் சம்பளம். இன்று மாமா போன் பண்ணினார்.

"நேத்து பக்கத்து வீட்டு ராபிஹா போய்ச் சேர்ந்துட்டா. பாலத்து மேலதான் தூக்கிட்டுப் போனோம். வளைவு வந்ததே தெரியலடா."

யாரெல்லாம் தூக்கினார்கள் என்று கேட்டேன்.

"நீ இல்லையேன்னு உன் முறைக்கும் நானே தோள் கொடுத்தேன். இப்போ கையைத் தூக்க முடியல, பாவி."

மாமியிடம் தைலம் தேய்த்துவிடச் சொல்லுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன்.