முப்பத்தேழாவது வரி

என் அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுகம்தானே என்று வழக்கம்போல் ஆரம்பிக்கத்தான் பார்த்தேன். அந்தக் கேள்வியிலேயே பேனா நின்றுவிட்டது.

தினமும் போனில் பேசுகிறவளுக்குத் திடீரென்று கடிதம் என்ன கேடு என்று திட்டுவாய். போனில் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான்.

முதலில் நல்ல செய்தி. என் முதுகலை ஆய்வு முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஜன்னலோர மேசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

நான் என்ன செய்கிறேன் என்று நீ ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை. "கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றா" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருப்பாய். டைப் செய்யும்போது ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குப் போக விரல் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று என் புரோகிராம் அளக்கும். அதை வைத்து, வெளியே தெரிவதற்கு முன்பே கை நடுக்க நோய் வருகிறதா என்று சொல்லும். அப்பாவுக்கு வந்ததே, அதேதான். டம்ளரை வைக்கும்போது சத்தம் வராமலிருக்க இரண்டு கையாலும் பிடித்து வைப்பாரே. நாலு வருஷம் நம்மிடம் மறைத்தார்.

நோயாளிகள் இருபது பேர், நல்லபடியாக இருப்பவர்கள் இருபது பேர், எல்லோரும் ஒரே பக்கத்தை டைப் அடித்தார்கள்; அட்டவணையில் ஆளுக்கு ஒன்றாக மொத்தம் நாற்பது வரி. வக்கீல் ஆபீஸில் பதினாறு வருஷமாக டைப் அடிக்கிற உன்னை விட்டால் எனக்கு வேறு யார்? நீ முப்பத்தேழாவது வரி. நல்லபடியாக இருந்த மற்ற பத்தொன்பது பேரிடமும் டாக்டர் சான்றிதழ் வாங்கினேன். உன்னிடம் கேட்கவில்லை. என் அக்காவுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று, உனக்கு நேராக 'நோய் இல்லை' என்று நானே எழுதிவிட்டேன்.

புரோகிராம் நோய் என்கிறது, அக்கா.

என் புரோகிராமில்தான் பிழை என்று ஒரு மாதம் அதைக் குடைந்தேன். பிறகு உன் கீபோர்டைச் சந்தேகப்பட்டேன். பிறந்தநாளுக்குப் புதுக் கீபோர்டு அனுப்பினேனே, "இந்தக் கஞ்சப்பிசினாரிக்கு என்ன ஆச்சு?" என்று மாமாவிடம் கேட்டாயாம். அது பரிசு இல்லை. அதில் நாலு நாள் அடிக்கச் சொன்னேன். நாலு நாளும் அதே பதில். இடது கை, மோதிர விரல்.

என் பேராசிரியையிடம், அது என் அக்கா என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். "ஒரு வரிதானேம்மா? கீபோர்டு கோளாறுன்னு போட்டு எடுத்துடு, ரிசல்ட்டும் இன்னும் நல்லா வரும்" என்றார். கர்சரை உன் வரியில் வைத்துவிட்டு, எழுந்து போய் முகம் கழுவினேன். எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் உன்னிடம் சொல்லாமலே இருந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அப்படியே வைத்துத்தான் ஒப்படைக்கப் போகிறேன்.

நல்லபடியாக இருக்கிற இன்னும் இரண்டு பேரையும் அது தப்பாக நோயாளி என்று சொல்லியிருக்கிறது. அந்தத் தப்பில் மூன்றாவதாக நீயும் இருந்துவிடு. டாக்டர் பார்த்துவிட்டு இதெல்லாம் வெறும் உளறல் என்று சொல்லட்டும், எனக்குப் பட்டமே வராமல் போகட்டும். ஆனால் போய்ப் பார். மாமாவையும் கூட்டிப் போ. அப்பா மாதிரி மறைக்காதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் என் தோழிகள் அந்தப் பக்கத்தை அடித்துப் பார்த்தார்கள், வாசல் காவலாளிகூட ஒரு விரலால் தட்டித் தட்டி முழுப் பக்கமும் அடித்தார். நான் மட்டும் அடிக்கவில்லை. நானும் அப்பா பெற்ற பெண்தானே. பயமாக இருக்கிறது அக்கா. இதைக் கையால் எழுதுவதும் அதனால்தான்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் போன் செய். விஷயத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிடாதே. நீ லைனிலேயே இரு, நான் அந்தப் பக்கத்தை அடித்து முடிக்கிற வரைக்கும்.

பயத்தோடும் பாசத்தோடும்,
உன் வாலு