வண்டிக்கு அடியில் ஈரம்

மார்ச் 4, செவ்வாய்

வண்டி இன்றைக்கும் காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்றது. பதினெட்டு வயசுப் பிக்கப், அதற்கும் சோம்பல் இருக்காதா. டீசல் போகிற பைப்பில் எங்கேயோ காற்று புகுந்துவிடுகிறது. வீட்டுக்காரர் கைப்பம்பை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்ற, நான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். நாலாவது தடவைக்கு உறுமியது.

நகர்த்திப் பார்த்தால் வாசலில் சப்பாத்தி அளவுக்கு ஈரம். அவர் குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டு மூக்குக்குக் கொண்டுபோனார். அந்த விரல் மூக்குக்குப் போனால் தீர்ப்பு வந்துவிடும். டீசலா, ஆயிலா, ரேடியேட்டர் தண்ணீரா என்று. அன்னூர் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள்கூட, "அருளண்ணா, சித்தே வந்து மோந்து பாத்துச் சொல்லுங்க" என்று கூப்பிடுவார்கள்.

"ரேடியேட்டர் தண்ணி" என்றார்.

எனக்கென்னவோ டீசல் அடித்தது போலத்தான் இருந்தது. ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மூக்கு பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. வாழையிலை ஏற்றச் சிறுமுகைக்குப் போக நேரமாகிவிட்டது.

மார்ச் 8, சனி

நாள் முழுக்க உட்கார்ந்து ரேடியேட்டர் ரப்பர் ஓஸை மாற்றினார். "முடிஞ்சுது அம்மிணி" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் பெரிய சந்தோஷம். காபியோடு இரண்டு முறுக்கும் கொடுத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஈரம் அப்படியே இருக்கிறது.

மார்ச் 15, சனி

இன்றைக்கு எனக்கு நல்ல கோபம். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போனேன். அவர் சமையலறையிலேயே உட்கார்ந்து போனில் இலைக்கு ஆர்டர் பேசிக்கொண்டிருந்தார். மாடிக்குத் தீய்ந்த வாடை வருகிறது. ஓடி வந்து பார்த்தால் பால் வற்றி, பாத்திரம் கருகி, புகை. மனுசன் நாலடி தள்ளி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார்.

"மூக்கக் கழட்டி ஆணியில மாட்டி வெச்சிருக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

சிரித்தார். எப்போதும் எதற்காவது திருப்பிக் கொடுப்பவர், இன்றைக்குப் பதிலே சொல்லவில்லை. பாத்திரத்தை அவரே எடுத்துப்போய்த் தேய்த்தார்.

மார்ச் 20, வியாழன்

மெக்கானிக் வெங்கடபதியிடம் வண்டியை விட்டோம். டீசல் திரும்பி வருகிற சின்ன ஓஸ்களெல்லாம் வெடித்திருந்தன. மாற்றினார். செம்பு வாசர்களையும் புதிதாகப் போட்டார். காற்று அந்த வழியாகத்தான் புகுந்ததாம். எல்லாம் முடித்து வழக்கம்போல டீசலை ஊற்றியே எஞ்சினையும் அடிப்பக்கத்தையும் கழுவிவிட்டார். டீசல் ஒழுக்கு பார்க்க வந்த வண்டியை டீசலிலேயே குளிப்பாட்டினால் எது ஒழுகியது, எது கழுவியது என்று யாருக்குத் தெரியும்? கேட்டால், "அதையெல்லாம் அருளு மோந்து பாத்தே சொல்லிருவாருங்கக்கா" என்கிறார்.

இவர் சாவியை வாங்கிக்கொண்டு போய் வண்டியில் ஏறிவிட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

ஒரே சாவியில் எழுந்துகொள்கிறது. ஈரம் மட்டும் போகவில்லை. "கழுவுன டீசல் சொட்டுதாட்ட இருக்குது, நின்னுரும்" என்றார். விரலை மூக்குக்குக் கொண்டுபோகவே இல்லை. நான் கவனித்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

அவிநாசியில் கல்யாணம். சமையல்காரர் ராமுலு பன்னிரண்டு வருஷமாக எங்களிடம்தான் இலை எடுக்கிறார். விடியற்காலையில் கட்டுகளை இறக்கிய உடனே ஒரு இலையை எடுத்து முகர்ந்தார். இன்னொன்றை எடுத்தார். அப்புறம் இவர் முகத்தைப் பார்த்தார்.

"என்னுங்க அருளு, பூராவும் டீசல் அடிக்குது."

இவர் இலையை வாங்கி மூக்கில் வைத்து, நன்றாக இழுத்து முகர்ந்துவிட்டுச் சொன்னார்: "அப்பிடி ஒண்ணும் தெரியிலீங்களே."

நான் மூன்றடி தள்ளி நின்றேன். எனக்கே குப்பென்று அடித்தது.

ராமுலு சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "மூஞ்சிக்கு நேராப் பொய் சொல்லாதீங்க. நீங்க இப்பிடின்னு நான் நெனைக்கவே இல்லீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வேறு ஆளுக்குப் போன் போடப் போய்விட்டார். நாங்கள் கட்டுகளைத் திரும்ப ஏற்றினோம்.

ராமுலு சொன்னது என் காதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. பின்னே ஏன் சொன்னார்?

ஏப்ரல் 8, செவ்வாய்

பால் கருகியது. ரேடியேட்டர் தண்ணீர் என்றது. நேற்று இலை.

தை மாதம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து எட்டு நாள் படுத்திருந்தார். அதற்குப் பிறகுதான் எதற்கெடுத்தாலும் ஊறுகாய் கேட்கிறார். ரசத்தில் மிளகுப்பொடியை அவரே இன்னும் தூவிக்கொள்கிறார்.

இருக்குமோ?

ஏப்ரல் 10, வியாழன்

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. பூக்காரம்மாவிடம் மல்லிகையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு முழம் கனகாம்பரம் வாங்கி வைத்துக்கொண்டேன். கனகாம்பரத்துக்கு வாசமே கிடையாது, சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அவர் டீ குடித்துக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பூக்காரம்மா வந்து போனது தெரியும். நான் பின்பக்கமாகக் கடந்து போனேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே, எப்போதும் சொல்கிறதுபோல, "மல்லியப்பூ வாசம் தூக்குது அம்மிணி" என்றார்.

பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

அழுகை போய் இன்றைக்குக் கோபம் வந்திருக்கிறது. மூன்று மாசம்! மூன்று மாசமாக நான் ஆக்கிப் போட்டதையெல்லாம் "நல்லா இருக்குது, நல்லா இருக்குது" என்று சாப்பிட்டிருக்கிறார். அதற்கு நானும் பூரித்துப் போயிருக்கிறேன். எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? நான் என்ன, ஊரானா?

கேஸ் கசிந்தால்? சூடான சைலன்ஸர் மேலே டீசல் சொட்டினால்? தெரியாமல் பீடி பற்ற வைக்கிற எவனாவது பக்கத்தில் நின்றால்? ஆணியில் மாட்டினீர்களா என்று நான் கேட்டதும் கூடவே ஞாபகம் வருகிறது.

இருந்தாலும் நேரடியாகக் கேட்டு உடைக்க மனசு வரவில்லை. ஸ்டாண்டில் அவரைக் கூப்பிட்டு நிறுத்துவதே அந்த மூக்குக்காகத்தான். இலையை முகர்ந்து என்றைக்கு அறுத்தது என்று சொல்கிற ஆள். அது போய்விட்டது என்று அவராகச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி செய்தேன். "நல்லா இருக்குது" என்றார். எழுந்து போய் அடுப்பைத் துடைத்தேன்.

ஏப்ரல் 19, சனி

அவர் தாராபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுச் சீருக்காகப் பஸ்ஸில் போயிருக்கிறார். நாளைக் காலையில்தான் வருவார். வண்டி எனக்கே எனக்கு.

முதலில் பெட்ரோல் பங்கில் டாங்க் நிறைய டீசல் போட்டு வந்து வாசலில் நிறுத்தினேன். பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கரைத்து, அடிப்பக்கம், இரும்புச் சட்டம், பைப் என்று கைபோன இடமெல்லாம் தேய்த்தேன். டீசலைத் தொடவே இல்லை. இரண்டு பழைய வேட்டி கறுப்பாகிவிட்டது. நன்றாகக் காய்ந்த பிறகு முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பாவை எடுத்து ஓஸ் மேலெல்லாம் கொட்டித் தூவினேன். டீசல் எங்கே ஊறுகிறதோ அங்கே பவுடர் கறுக்கும். மூக்கே வேண்டாம்.

பெண் லோகப்பிரியா கோயமுத்தூர் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன். "அப்பாவக் கூட்டிட்டு வாங்கம்மா, டாக்டரைப் பாக்கலாம்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். காலையில் குனிந்து பார்த்தால் வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு. டீசல் ஊற்றுகிற வாயிலிருந்து டாங்குக்கு இறங்குகிற தடித்த ஓஸ், கிளிப்பை ஒட்டி வெடித்திருக்கிறது. டாங்க் நிறைந்தால் கசிகிறது. எங்கள் வாசல் சரிவு; சட்டத்தின் வழியாக ஓடி முன்னால் வந்து சொட்டியிருக்கிறது. அந்த ஓஸுக்கு நேர் மேலே, இலைக்கட்டு அடுக்குகிற தரைத் தகட்டில் துருப்பிடித்த ஓட்டைகள். ரோட்டில் குலுங்கும்போது அதன் வழியாகத்தான் இலைமேல் தெறித்திருக்கிறது.

வண்டிக்கு அடியில் பாதி உடம்போடு நான் கிடக்கிறேன், செருப்புச் சத்தம். அவர்.

"என்ன அம்மிணி, வண்டிக்குப் பவுடரெல்லாம் போட்டு உட்டிருக்கற?"

"எங்க ஊறுதுன்னு பாக்கறனுங்க. இதுல கண்ணுக்கே தெரிஞ்சுருது. மோந்து பாக்க வேண்டியதில்லீங்க."

நான் ஊர்ந்து வெளியே வந்தேன். பையைத் தோளில் மாட்டியபடி நின்றார். அப்புறம் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"எப்பத் தெரியும்?"

"கனகாம்பரம் வெச்ச அன்னைக்கு."

கொஞ்சம் யோசித்தார். "அது கனகாம்பரமா" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"நாளைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு இருந்துட்டேன். அப்பறம், உன்ற சோத்த நல்லாருக்குது நல்லாருக்குதுன்னு சொல்லிப்போட்டேன். இப்ப சொன்னா அதெல்லாம் பொய்யாப் போயிருமேன்னு..."

"பொய்தானுங்களே" என்றேன்.

"பசிக்கு உண்டது பொய்யில்ல. உன்னையப் பாத்துட்டு உண்டது பொய்யில்ல."

பவுடர் கையோடு அவர் முதுகில் ஒரு அடி வைத்தேன். வெள்ளைச் சட்டையில் கை பதிந்துவிட்டது. பிறகு எழுந்து ஓஸ் வாங்கக் கடை திறந்திருக்குமா என்று பார்க்கப் போனார்.

ஏப்ரல் 21, திங்கள்

ஓஸ் மாற்றினார். நான் டார்ச் பிடித்தேன். தகட்டு ஓட்டைகளுக்கு வெல்டிங். மறுபடி பவுடர் தூவியிருக்கிறோம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பவுடர் வெள்ளையாக இருக்கிறது.

ஏப்ரல் 28, திங்கள்

கோயமுத்தூரில் டாக்டர். மெதுவாக வரலாம், வராமலும் போகலாம் என்றார். தினமும் இரண்டு வேளை கிராம்பு, எலுமிச்சம்பழத்தோல், காபித்தூள், மல்லிகை என்று நாலையும் மாற்றி மாற்றி முகர்ந்து பழக வேண்டுமாம். நாலு டப்பா வாங்கினோம்.

வருகிற வழியில், "அஞ்சாவதா ஒரு டப்பாவுல டீசல் வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். நன்றாகத் திட்டினேன். பழைய மாதிரி திருப்பிக் கொடுத்தார். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

மே 16, வெள்ளி

ஒன்றும் தெரியவில்லை என்கிறார். நான் டப்பாவை நீட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்காருகிறார். இதற்காகவே தினமும் நீட்டலாம்.

ஜூன் 8, ஞாயிறு

ராமுலு போனை எடுப்பதில்லை. "நேர்லயே போயிச் சொல்லிப்போடறேன், நீயும் வா" என்றார். இரண்டு கட்டு இலை மட்டும் ஏற்றினோம். ஏற்றுவதற்கு முன்னால் நான் ஒவ்வொன்றாக முகர்ந்தேன். இப்போது அது என் வேலை.

அவிநாசி மண்டபத்தில் மதியப் பந்திக்குக் காய் அரிந்துகொண்டிருந்தார்கள். பத்து இருபது பேர் இருப்பார்கள். ராமுலு எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார் என்று நினைத்தேன். இவர் அத்தனை பேருக்கும் நடுவிலேயே சொன்னார்.

"ராமுலுண்ணா, அன்னைக்கு நான் பொய் சொல்லலீங்க. காய்ச்சல்ல எனக்கு மோப்பம் போயிருச்சு. இப்பவும் வரல. அதை மறைச்சதுதான் தப்புங்க."

ராமுலு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். "அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே. நான் உங்கள என்னமோ நெனச்சுப்போட்டேன்" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டார். இலையை ஒன்று எடுத்து முகர்ந்துவிட்டு, "அடுத்த முகூர்த்தத்துக்கு எத்தன கட்டு முடியும்?" என்று கேட்டார்.

கிளம்பும்போது பார்த்தால் வண்டிக்கு அடியில் ஈரம். இவர் குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டார். கை பழக்கத்தில் பாதி தூரம் அவர் மூக்குக்கே போனது. நின்றது. வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, விரலை என் மூக்குக்கு நீட்டினார்.

"என்னன்னு பாரு அம்மிணி."

முகர்ந்தேன். அவசரமில்லாமல் இன்னொரு தடவையும் முகர்ந்தேன்.

"தண்ணிங்க. மண்டபத்துல வாசல் கழுவி உட்டிருக்கறாங்க."

"செரி, ஏறு" என்றார்.