பீச்சாங்கை உப்பு

அன்புள்ள மாமாவுக்கு,

கொளஞ்சி எழுதுவது. நான் நலம். அங்கே உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? எழுத்து கோணலாக இருக்கிறதே, யார் எழுதியதோ என்று நினைக்க வேண்டாம். நான்தான், இடது கையால். ஜெயிலில் படித்துப் பார்த்துத்தான் உங்களிடம் கொடுப்பார்களாம். படிக்கட்டும்.

நான் மறுபடியும் சக்கரபாணியின் உப்பளத்துக்கே வேலைக்குப் போகிறேன். கோபத்தில் கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள்.

உப்பு அரைக்கிற மிஷினின் பெல்ட்டுக்கு மேல் மூடி இருந்தால் வேலை சுணங்குகிறது என்று அதைக் கழற்றச் சொன்னது அவன். அந்த மிஷினில் வலது கை போனது எனக்கு. நான் தூங்கி விழுந்து கையை விட்டேன் என்று விசாரணையில் சொல்லிவிட்டான். பக்கத்தில் நின்ற ஜான்சிகூட வாயைத் திறக்கவில்லை. நீங்கள் மண்வெட்டிக் காம்பால் அவன் தோளில் போட்டீர்கள். தோள் ஒரு மாதத்தில் கூடிவிட்டது, நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். எனக்கு அது போதவில்லை மாமா. கூடாத இடமாகப் பார்த்து அடிக்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

அவனே ஆள் அனுப்பினான். வருஷா வருஷம் பாத்தியில் முதல் உப்பை அள்ளி அவனிடம் கொடுப்பது நான்தானே. எனக்குக் கைராசி என்று நம்புகிறவன். போன வருஷம் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேறு ஒருத்தி அள்ளினாள். கோடையிலேயே மழை கொட்டி உப்பெல்லாம் கரைந்தது. அதனால் சாக்கு மடிக்கிற வேலை தருகிறேன், வா என்றான். கை போனாலும் ராசி ஆளிடம் இருக்கும் என்று நினைத்தான் போல.

வெள்ளிக்கிழமை பூஜை. வியாபாரிகள், லாரிக்காரர்கள், ஆட்கள் எல்லோரும் வரப்பில் நின்றார்கள். கற்பூரம் ஏற்றியதும் பாத்தியில் இறங்கி, இடது கையால் அள்ளி நீட்டினேன். அவன் முகம் செத்துவிட்டது.

"ஏம்மா, பீச்சாங்கையாலயா குடுப்ப?" என்றான்.

"சோத்துக்கை உங்க மிஷின்கிட்ட இருக்குதுங்க, அதுகிட்ட கேட்டு வாங்கிக்கிறீங்களா?" என்றேன்.

உப்பை இறுக்கி மூடிக்கொண்டேன். பெல்ட் மூடியைக் கழற்றச் சொன்னது யார் என்று சொன்னால் தருகிறேன், இல்லாவிட்டால் தண்ணீரிலேயே போட்டுவிடுவேன் என்றேன். முதல் உப்பு தண்ணீரில் விழுந்தால் அந்த வருஷமே போச்சு என்பது அவன் நம்பிக்கை. சொல்லிவிடுங்கள் என்று அவன் பெண்சாதி அவன் முழங்கையைக் கிள்ளினாள்.

"நான்தாம்மா சொன்னேன்" என்றான்.

"சத்தமா சொல்லுங்க, ஜான்சிக்குக் கேக்கல" என்றேன்.

மறுபடியும் சொன்னான். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது. அப்புறம் இரண்டு கையையும் ஏந்தி அதை வாங்கிக்கொண்டான். வருஷம் முழுக்க அவன் வீட்டு சாமி படத்துக்கு முன்னால் என் பீச்சாங்கை உப்புதான் இருக்கும்.

சாயங்காலம் ஜான்சி வந்து அழுதாள். அடுத்த விசாரணையில் உண்மையைச் சொல்கிறாளாம். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேலையை விடமாட்டேன். அவன் கார் வந்து நிற்கிற இடத்துக்கு எதிரில்தான் சாக்கு மடிக்கிறேன். இறங்கும்போதெல்லாம் என் முகத்தில்தான் அவன் விழிக்க வேண்டும்.

மாமா, வெளியே வந்ததும் அவனைத் தேடிப் போகாதீர்கள். அவனை எனக்கு விட்டுவிடுங்கள். எனக்கு ஒரு கையால் கொண்டை போட வரவில்லை, அடுத்தவளிடம் கேட்கவும் மனசு வரவில்லை. நேராக வீட்டுக்கு வாருங்கள். நம் இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று கைதான் இருக்கிறது. உங்களுடைய இரண்டையும் பத்திரமாகக் கொண்டுவாருங்கள்.

உங்கள்
கொளஞ்சி