சைவப் பூனையின் கால்

1946, மார்கழி வெள்ளி இரவு.

எங்கள் பூனை சுப்பி நேற்று உடைமர முள்ளை மிதித்துவிட்டது. நானே முள்ளைப் பிடுங்கி மஞ்சள் பற்றுப் போட்டேன். கீறல் சின்னதுதான், வீக்கமும் இல்லை. ஆனால் இன்று காலையிலிருந்து தயிர்ச்சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சோறு இறங்காத ஜீவனை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று கூடையில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

"பூனைக்குப் போயி மாட்டு டாக்டரா? ஊரு சிரிக்கும்" என்றாள் என் மனைவி வடிவு.

"சிரிக்கட்டும்" என்று கத்திவிட்டேன்.

தெருவில் இறங்கியதும் பக்கத்து வீட்டு பிலோமினாள் மறித்தாள்.

"அத எங்க அண்ணாச்சி தூக்கிட்டுப் போறிய? இப்பத்தான எங்க வீட்டுல நாலு சாள மீன் தலையத் தின்னுட்டு வந்துச்சு. தெனமும் அங்கனதான அதுக்குச் சாப்பாடு!"

எங்கள் வீட்டில் பூனைகூடச் சைவம் என்று என் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தவன் நான். கூடையோடு வீட்டுக்குத் திரும்பினேன். வடிவு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது.

நாளை கால் வீங்கினால் டாக்டரிடம் போக வேண்டும். சாப்பிட்டதா என்று மட்டும் இனி பிலோமினாளிடம்தான் கேட்க வேண்டும்.

சுப்பி இப்போது என் மடியில் தூங்குகிறது. வேட்டியெல்லாம் மீன் வாடை. இறக்கிவிட மனம் வரவில்லை.