யாரும் முந்தக் கூடாது

பெப்ரவரி 3

தம்பி றிஸ்மினின் கடற்கரைக் கபானாக் குடில்களில் இந்த மாதம் வெள்ளைக்காரர் இல்லை. அதற்குப் பதிலாக ஏழு சைக்கிள்காரிகள் வந்து இறங்கியிருக்கிறார்கள். தேசியப் போட்டிகளில் ஓடுகிற பிள்ளைகளாம். போட்டி இல்லாத காலத்தில் நெடுந்தூரம் ஓடித் தாக்குப்பிடிக்கப் பழகுவதற்கு நாலு கிழமைப் பயிற்சி. சமையல் அக்கா என் தலையில். "ராத்தா, நாளைக்கு அம்பது முட்டை வேணுமாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். வேறு கதை இல்லை. எங்களுக்குள் ஐம்பத்தொரு வருடமாகத் தேவையான கதை மட்டும்தான்.

ஒரு சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தேன். என் சோற்றுப் பானையை விட இலேசு. யாரும் இல்லாத நேரம் இன்னொரு தடவை தூக்கினேன்.

பெப்ரவரி 5

பயிற்சி கொடுக்கிற மயூரதி உடப்பு ஊர்ப் பிள்ளை. வளைந்து கொடுக்காதவள். எனக்குப் பிடித்திருக்கிறது. அவளுடைய தொல்லை என்னவென்றால் பிள்ளைகளுக்கு மெதுவாக ஓடத் தெரியாது.

"அன்ரி, இது உடம்பைக் கட்டி எழுப்புற காலம். கதைச்சுக்கொண்டு ஓடக்கூடிய வேகத்துக்கு மேல போகக் கூடாது. மூச்சு வாங்கினா அண்டைய நாள் வீண். ஆனா ஒருத்திட சைக்கிள் சில்லு முன்னுக்குத் தெரிஞ்சா மற்றவளுக்குப் பொறுக்காது."

மெதுவாகப் போகப் பழகுவதற்கா கொழும்பிலிருந்து ஆலங்குடாவுக்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"அதுதான் ஆகக் கஷ்டம்" என்றாள்.

பெப்ரவரி 6

பருப்பு முடிந்துவிட்டது. தம்பி மனைவியின் கூடை வைத்த சைக்கிளை எடுத்தேன். எடுத்தேன் என்றால், சங்கிலிப் பூட்டின் சாவி தம்பி வீட்டு ஆணியில் தொங்கும். ஒவ்வொரு முறையும் "கடைக்கு" என்று சொல்லி வாங்க வேண்டும். பெற்றோல் கிடைக்காமல் நாடே சைக்கிளில் ஏறிய வருடம் நானும் திரும்ப ஏறினேன். நுரைச்சோலைக் கடை வரைக்கும் என்றால் றிஸ்மின் காணாத மாதிரி இருப்பான்.

அபாயா சில்லில் மாட்டாமல் இரண்டு உடுப்புக் கிளிப் குத்திக்கொண்டு போனேன். பின்னால் ஏழு பேரும் வந்துவிட்டார்கள். முந்தட்டும் என்று ஓரம் கட்டினேன். மோட்டார் சைக்கிளில் வந்த மயூரதி சத்தம் போட்டாள்: "ஒருத்தரும் அன்ரியை முந்தக் கூடாது. இண்டைக்கு அவங்கட வேகம்தான் எல்லாருக்கும்."

இந்த நாட்டின் ஆக வேகமான ஏழு பெண்கள், என் வெறுங்கூடைக்குப் பின்னால் வரிசையாக. சிரிப்பில் ஹேண்டில் ஆடியது. மயூரதி இன்னும் கொஞ்சம் சுற்றச் சொன்னாள். இரண்டு கிலோ பருப்பு வீடு வந்து சேர இரண்டு மணித்தியாலம்.

பெப்ரவரி 7

தொடை இரண்டையும் காணவில்லை. இருக்கின்றன, ஆனால் என்னுடையவை அல்ல. நாளைக்கும் போவேன்.

பெப்ரவரி 12

கதைக்கிற வேகம் என்றால் யாராவது கதைக்க வேண்டும். என்னிடம் கதைக்கா பஞ்சம்? ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள், முதல் கதை அது. சீனி சுற்றி வந்த பத்திரிகைத் தாளில் தமிழையும், பஸ் போர்டில் சிங்களத்தையும் நானே படித்துக்கொண்டேன், இரண்டாவது. மூன்றாவதைத்தான் பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள்.

காய்ந்த உப்புத் தரையில் வாப்பாவின் சைக்கிளை ஓட்டி நானாகவே பழகினேன். பதின்மூன்று வயதில், எல்லா லொறியும் திரும்புகிற பாலாவிச் சந்தியை என் காலால் போய்ப் பார்க்கக் கிளம்பினேன். பதினொரு வயது றிஸ்மின் வாப்பாவிடம் சொல்லிவிட்டான். வழியில் மாம்புரி ஊரில், வாப்பாவின் தம்பி சாச்சாவின் லொறி என்னைப் பிடித்தது. சைக்கிளும் நானும் உப்பு மூட்டைகளுக்கு நடுவில் வீடு வந்தோம். அடுத்த நாள் வாப்பா சைக்கிளைக் கிணற்றுத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டினார்.

சொல்லிவிட்டு "விளங்கிச்சா?" என்று கேட்பேன். முழு வசனத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். மதுரங்குளிப் பிள்ளை ஆதிலா, எல்லோரிலும் வேகமானவள், இன்று "ம்" என்றாள்.

"ஆதிலா, பின்னுக்குப் போ. மூச்சில்லை உனக்கு" என்றாள் மயூரதி.

"மூச்சு நல்லா ஈக்கி மிஸ். மாமிட தம்பி மேல கோவம் வந்து பேச்சுத்தான் வரல்ல."

இவளுக்கு நாளை இரண்டு முட்டை கூடுதல்.

பெப்ரவரி 17

மார்ச் முதலாம் திகதி கடைசி ஓட்டமாம், மயூரதி சொன்னாள். பாலாவிக்குப் போய் வருவது. முன்னால் நான்.

இதை எழுதி ஐந்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

றிஸ்மின் நான் சமைக்கும் குசினிக்கு வந்தான். "கடை வரைக்கும் சரி. பாலாவி வேணாம் ராத்தா. லொறி ஓடுற ரோட்டு, அறுவத்தி நாலு வயசு, ஊரும் என்ன செல்லும்?"

"எது முதல்? லொறியா, வயசா, ஊரா?"

"மூணும்தான்."

"அண்டைக்கு எல்லாருமா வயசு காணாதெண்டீங்க. இண்டைக்குக் கூடிப்போச்சா? சரியான வயசு எப்ப வந்து போச்சு, எனக்குச் செல்லாம?"

ஒரு முட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். போய்விட்டான்.

பெப்ரவரி 21

இதை எப்படி யோசிக்காமல் விட்டேன்? இருபத்தெட்டாம் திகதி மாலை பிறை தெரிந்தால் மார்ச் முதலாம் திகதி ரமழானின் தலை நோன்பு. அன்று பின்னேரம் பிள்ளைகளின் வான் வந்துவிடும். மயூரதியின் பயிற்சி அட்டவணையில் வேறு நாள் கிடையாது.

"நோன்போட உங்களை ரோட்டில ஏத்த மாட்டன் அன்ரி. ஒரு மிடறு தண்ணி இல்லாம நாலு மணித்தியாலமா? ஏலாது" என்றாள் மயூரதி. நோன்பை விடமாட்டேன் என்றேன். அவளும் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை.

பிறையைத் தள்ளிப்போடச் சொல்லி அல்லாஹ்விடம் துஆக் கேட்கலாமா? கூடாது. வெட்கம். மேகம் கேட்கலாம். மேகம் மழைக்குத்தானே, மழை அவனுடைய ரஹ்மத், அருள் அல்லவா.

பெப்ரவரி 28

ஒரு துண்டு மேகம் இல்லை. கழுவித் துடைத்த பீங்கான் மாதிரி வானம்.

பொழுது சாய, மஃரிப் தொழுகை நேரம், கடற்கரையில் பள்ளிவாசல் ஆட்கள், தொழுகை நடத்தும் ஹஸரத், ஊரார், எங்கள் ஏழு பேரும். சிலாபத்துப் பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டாள். பிறை தெரியக் கூடாது என்றுதான். மேற்கில் வெள்ளையாக ஒரு கீற்று. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். விமானம் போன புகை.

ஊரில் ஆகக் கூரான கண் றிஸ்மினுடையது. வருடா வருடம் அவனைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். பின்னால் நின்று பார்த்தால் இன்னும் அதே பதினொரு வயதுத் தோள்.

"என்ன செல்ற றிஸ்மின்?" என்று ஹஸரத் கேட்டார்.

அவன் பொய் சொல்ல மாட்டான். என் முறைப்பாடே அதுதானே? அன்று வாப்பாவிடம் சொன்னதும் உண்மைதான்.

"இல்ல ஹஸரத். நான் காணல்ல."

பிள்ளைகள் கை தட்டிவிட்டார்கள். மயூரதி அடக்கினாள். பிறகு வானொலியும் சொன்னது, நாட்டில் எங்கேயும் தென்படவில்லை. றிஸ்மின் என்னைக் கடந்து போகும்போது நின்றான்.

"விடிய எத்தின மணிக்கு?"

"அஞ்சரைக்கு."

"பின் ரயரில காத்துக் காணாது" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

மார்ச் 1

போனேன். வந்தேன். முதலில் இதை எழுதி வைக்கிறேன், மற்றது பிறகு.

மாம்புரியில் நிற்கவில்லை. நின்றால் யாராவது ஏற்றிவிடுவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு பயம். அதற்கப்பால் ஒவ்வொரு மரமும் நான் சைக்கிளில் இருந்து பார்க்காத மரம். பிள்ளைகளிடம் சொல்ல இன்று கதையே வரவில்லை. "மாமி, கதைங்க. மூச்சு வாங்குதா?" என்று ஆதிலா கேட்டாள். அழுகிறேன் என்று முழு வசனத்தில் சொன்னேன். எல்லோருக்கும் சிரிப்பு, எனக்கும்.

உப்பளத்தில் குவியல் குவியலாக வெள்ளை. பிறகு பாலாவி. என்ன இருக்கிறது அங்கே? லொறி, புழுதி, பஸ், வாழைப்பழக் கடை. இவ்வளவுதானா? இவ்வளவுதான். எவ்வளவு அழகு.

ஒரு கொண்டக்டர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே கேட்டான்: "என்ன உம்மா, ஏழு பேரும் ஒங்கள துரத்துறாங்களா?"

"துரத்தினாங்க. புடிக்க ஏலாமப் போச்சு."

தேநீர்க் கடை வாசலில் றிஸ்மினின் ஓட்டோ நின்றது. எங்களுக்கு முன்பே வந்திருக்கிறான். "களைச்சா ஏறுங்க ராத்தா."

"திரும்பவும் மூட்டை மாதிரி ஏத்தவா வந்த?"

கோப்பையை வைத்துவிட்டு எழும்பினான். "இல்ல. சும்மா பின்னால வாறன்."

வந்தான். வடக்குக் காற்று முகத்தில் அடித்தது. நடக்கிற வேகத்துக்குக் குறைந்துபோனேன். மாம்புரிக்குக் கிட்ட ஓட்டோ பொறுமையிழந்து முந்துவதற்கு வெளியே எடுத்தது.

"றிஸ்மின் நானா," என்றாள் மயூரதி, "நீங்களும் முந்தக் கூடாது."

"ஓம் ஓம்" என்று உள்ளே எடுத்தான். ஆலங்குடா வரை அப்படியே. முன்னால் கூடை, பின்னால் ஏழு பேர், கடைசியில் என் தம்பி.

மார்ச் 2

தலை நோன்பு. கபானாக்கள் வெறுமை. இருபது முட்டை மிச்சம்.

கஞ்சி காய்ச்சித் தம்பி வீட்டுக்குக் கொடுத்தேன். மன்னிக்கவில்லை என்பதையும் கூடவே சொன்னேன். "தெரியும் ராத்தா" என்றான். சைக்கிளையும் உருட்டிக்கொண்டு போயிருந்தேன். தம்பி மனைவி திருப்பி வாங்கவில்லை. "ஒங்கட வாசலிலேயே நிக்கட்டும் எண்டு அவர் சென்னாரு."

சரி, அப்படியென்றால் பூட்டின் சாவியைத் தா என்றேன். ஆணியில் சாவி இல்லை. குனிந்து பார்த்தேன். சைக்கிளில் பூட்டுச் சங்கிலியும் இல்லை.