ஆற்றின் மேல் நடந்து போனவர்

ஜனவரி 19, ஞாயிறு

குளிர் முகத்தில் அறைகிறது. ஆறு உறைந்து ஐஸாகக் கிடக்கிறது. ஆற்றங்கரைப் படகுத்துறையில் இந்தக் குளிர்காலம் நாலைந்து படகுகளில்தான் ஆட்கள் குடியிருக்கிறார்கள். படகு முழுக்க வெள்ளை பிளாஸ்டிக் உறை, உள்ளே ஹீட்டர். எங்கள் வேலை தெர்மாஸோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. தோழி றெஜினா இதற்கு ஆன்மிகத் துணை என்று பெரிய பெயர் சொல்வாள். அவள் சர்ச்சில் ஒரு பூசை தவறவிடாதவள். நானோ கோயிலுக்கே ஒழுங்காகப் போகாத, ரிட்டையரான கெமிஸ்ட்ரி பேராசிரியை. வாங்கோ என்றாள், வந்துவிட்டேன்.

விதி ஒன்றுதான். படகின் பக்கவாட்டில் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும், கூப்பிடாமல் ஏறக் கூடாது. அது அவர்கள் வீடு.

இன்று லூசியன். எழுபது தாண்டியவர், தனியாள். தட்டியதுமே ஓடி வந்து திறந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. வேறு யாரையோ எதிர்பார்த்திருக்கிறார்.

பிப்ரவரி 2

யாரை என்று இன்று சொன்னார். மனைவி மொனிக். நவம்பரில் துறைப் பலகையிலிருந்து வழுக்கி ஆற்றில் விழுந்தவள். உடல் இன்னும் கிடைக்கவில்லை. மத்தியானங்களில் ஐஸுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறாளாம். அழுகையெல்லாம் இல்லை, சாப்பிட வா என்கிற மாதிரி.

நான் என்ன சொல்ல? காரில் வரும்போது றெஜினாவிடம் கேட்டேன். "மறுத்துக் கதைக்காதேங்கோ அக்கா. ஓம் எண்டும் சொல்லாதேங்கோ. பக்கத்தில இருங்கோ, அது காணும்" என்றாள்.

பிப்ரவரி 16

இன்றும் கூப்பிட்டாளாம். நானும் காது கொடுத்துக் கேட்டேன். காற்றுதான். காற்றுதானே?

மார்ச் 2

ஐஸ் கறுக்கத் தொடங்கிவிட்டது. இனி அதன் மேல் நடக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். லூசியன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கே கிளம்புகிறீர்கள் என்றேன். இத்தனை நாள் கூப்பிடுகிறவளிடம் ஒருநாள் போகத்தானே வேண்டும் என்றார்.

பயமாக இருக்கிறது. உடனே றெஜினாவிடம் சொன்னேன். அவள் அவருடைய தங்கைக்குப் போன் செய்தாள். செவ்வாய்க்கிழமை வந்து அழைத்துப் போகிறாளாம். அதுவரை நாங்கள் மாறி மாறிப் போய்ப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

மார்ச் 3, திங்கள்



மத்தியானம் என் முறை. தட்டினேன், பதில் இல்லை. சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால் லூசியன் ஐஸ் மேல் போய்க்கொண்டிருக்கிறார். முதுகு மட்டும் தெரிகிறது. தொப்பி இல்லை. 911 அவசர எண்ணுக்கு அடித்து இடத்தைச் சொல்ல முடிந்தது. அவரைக் கூப்பிடத்தான் முடியவில்லை. வாய் திறக்குது, சத்தமே வரல.

போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எங்கள் வீட்டில் யாரும் கூப்பிட மாட்டார்கள். நான் ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன் — என் கணவர் வாசலைத் தாண்டிய பிறகு, மப்ளரை விட்டுட்டீங்க என்று. திரும்பி வந்து வாங்கிக்கொண்டார். கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போங்க என்றேன். கெமிஸ்ட்ரி டீச்சர் பேசுகிற பேச்சா இது என்று சிரித்துவிட்டுப் போனார். பஸ்ஸிலேயே மாரடைப்பு. நான் கூப்பிட்டதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தெரியும். நன்றாகவே தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு நான் யாரையும் பின்னாலிருந்து கூப்பிட்டதில்லை.

ஐஸில் சடசடவென்று ஒரு சத்தம். அப்போதுதான் கத்தினேன். "என்னங்க!"

லூசியன் என்று இல்லை. பிரெஞ்சு மரியாதைக்கு மிஸ்யே என்றும் இல்லை. அழகேசனை வாழ்நாள் முழுக்கக் கூப்பிட்ட கூப்பாடு அது.

நின்றார். திரும்பினார். வாங்க, வாங்க என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். வந்த தடத்திலேயே கால் வைத்து வந்தார். துறையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்க விடவில்லை.

"மொனிக் முன்னால் இருந்தாள். பின்னாலிருந்து கூப்பிட்டது யார்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

லூசியன் நேற்று தங்கை வீட்டிலிருந்து போன் செய்தார். மொனிக் கிடைத்துவிட்டாளாம், போன வாரம் அடக்கமும் முடிந்ததாம். இப்போது ஒரு குரலும் கேட்பதில்லை, தூக்கம் வருகிறது என்றார். கேட்கவே நிம்மதியாக இருந்தது. வைக்கப் போகும்போது, "உங்களுக்கு ஏதாவது கேட்கிறதா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலை படகுத்துறைக்குக் கிளம்பி லிஃப்ட் வரை போனேன். "அனு." பின்னாலிருந்துதான். அழகேசன் குரல்தான். அன்று கத்தியதிலிருந்து கிளம்பும்போதெல்லாம் இப்படித்தான். திரும்பிப் போய், கதவைத் திறந்து, சோபாவில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க மனசே வரவில்லை. கீழே றெஜினா காரில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாள்.