ஐம்பத்தெட்டு வீட்டுப் பெயர்கள்

உன் ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாம் சேர்ந்து செய்த கடைசி ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு உதிர்ந்து, மஞ்சளாக ஒரு தடம் மட்டும் மூலையில் இருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனேன். மணக்கிறதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா, தெரியவில்லை. அன்றைக்கு நான் பொட்டு வைக்கப் போனபோது, "ஓட்டைக்குள்ள சந்தனம் போச்சுன்னா சாமி வந்து ரிப்பேர் செஞ்சு குடுக்குமா அண்ணி?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு, வயர் செருகும் ஓட்டையை விட்டு ஒரு விரல் தள்ளி நீயே வைத்தாய்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகப் போகிறது. போன மாதம் நான் ஒரு பெரிய தப்பைச் செய்துவிட இருந்தேன். வீட்டில் இருக்கிறவர்களுக்குப் பாதிதான் தெரியும். முழுக்கச் சொல்ல உன்னை விட்டால் ஆளில்லை.

நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் இருபத்து மூன்று வருஷம் இருந்தோம் என்று சொன்னால், கேட்கிறவர்கள் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கல்யாணம் வேண்டாம், பத்து பெரண்டாம் ஊர்த் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு பரிசோதிக்கிற வேலையே போதும் என்று இருந்தவள் நீ. நான் அரிசி மூட்டை பிரித்த தேதி, கேஸ் தோம்பு தீர்ந்து மாற்றிய தேதி என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறவள். "எமனே வந்தாலும் அண்ணி நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் கூட்டிட்டுப் போவணும்" என்று உன் அண்ணனிடம் சொல்லிச் சிரிப்பாய். சாமி விஷயத்தில் உனக்குக் கேலி அதிகம். ஆனால் கோயிலுக்கு அர்ச்சனைப் பெயர்ப் பட்டியலைத் தொடங்கி வைத்தவள் நீதான்.

பட்டியல் தொடங்கிய வருஷத்து ஆடித் திருவிழா உனக்கு மறந்திருக்காது. குருக்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. யார் முகமும் தெரியாது. கோயிலில் கிடந்த பழைய நோட்டைப் பார்த்து, குடும்பம் குடும்பமாகப் பெயரும் நட்சத்திரமும் படித்து அர்ச்சனை செய்துகொண்டிருந்தார். சுங்கை ஊடாங்கிலிருந்து வந்த ஒரு தாய் கைகூப்பி நின்றார். மோட்டோ விபத்தில் போய்விட்ட அவர் மகனின் பெயரைப் படித்து, தீர்க்காயுள் கொடு என்று குருக்கள் அம்மனிடம் கேட்டார். அந்த அம்மா கூப்பிய கையை இறக்கவில்லை. அடுத்த வருஷம் அவர் கோயிலுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாய். "எங்க ஃபேக்டரில பழைய டிராயிங்க பாத்து போர்டு செஞ்சா மூணு பேருக்கு வேல போகும். இங்க பழைய நோட்டப் பாத்து ஒரு அம்மா மனச ஒடச்சுட்டாங்க, யாரும் ஒண்ணும் கேக்கல பாருங்க. நாம புதுசா ஒரு லிஸ்ட் போடுவோம் அண்ணி. கோயிலுக்கு நீங்க, கம்ப்யூட்டருக்கு நான்."

அப்படித்தான் ஐம்பத்தெட்டு குடும்பங்களுக்கும் போன் போடத் தொடங்கினோம். மூன்றாவது வீட்டிலேயே நான் சறுக்கினேன். அந்த மருமகள் பெயர்களைச் சொல்லி முடித்ததும், "மாமனார் பேர விட்டுட்டியேம்மா" என்றேன். அவர் போய் நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. நீ என் கையிலிருந்து போனை வாங்கி, "சரிங்கக்கா, நன்றி" என்று வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "சொல்ற பேர எழுதுங்க. சொல்லாத பேரக் கேக்காதீங்க. அவ்வளவுதான்லா வேல." அன்றிலிருந்து அதுதான் நம் விதி.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்ற எனக்குத் தட்டச்சு வந்தது அந்தப் பட்டியலால்தான். நீ வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்துக் கற்றுக்கொண்டேன். யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், யார் போனாலும், சேதி வந்த அன்றே லேப்டாப்பில் திருத்திவிடுவேன். நகல் எடுக்க நீ ஒரு சின்னப் புரோகிராம் போட்டுக் கொடுத்தாய். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு வந்து டிஸ்க்கைச் செருகுவேன். நீல விளக்கு மினுக்கும். நின்றதும் கழற்றிச் சாமி அலமாரியில் வைப்பேன். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் நீ அதை மறுபடி செருகித் திறந்து பார்ப்பாய். எனக்குக் கோபம் வரும்.

"நான்தான் காலைல செருகினேன்லா. என் மேல நம்பிக்க இல்லையா?"

"உங்க மேல இருக்கு. லைட்டு மேலதான் இல்ல. லைட்டு எரிஞ்சா கரண்டு வருதுன்னு அர்த்தம் அண்ணி. வேல நடக்குதுன்னு யார் சொன்னா?"

காகிதத்தில் ஒரு பிரதி வைத்திருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். சாமி சன்னதியில் படித்த பெயர்களைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது. திருவிழா முடிந்ததும் அச்சடித்த தாளை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, கரைத்து, தென்னை மரத்தடியில் ஊற்றிவிடுவேன். "ஊர்ல எல்லாரும் பேக்கப்ப பத்திரமா வைப்பாங்க. எங்க அண்ணி தென்னைக்கு ஊத்துவாங்க" என்பாய்.

நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்த இரண்டாவது வாரம், லேப்டாப் அப்டேட் கேட்டது. உனக்குப் போன் போட்டேன். "போட்டுருங்க அண்ணி, தள்ளிப்போடாதீங்க" என்றாய். குரல் மெலிந்திருந்தது. அப்டேட்டைப் போட்டுவிட்டு, உனக்கு ரசம் எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிகூட நான் தவறவில்லை. டிஸ்க்கைச் செருகினேன், நீல விளக்கு மினுக்கியது, கழற்றி வைத்தேன். சாயங்காலம் திறந்து பார்க்கத்தான் ஆளில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவுமில்லை.

போன மாதம், திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது லேப்டாப் ஒரேயடியாகக் கருத்துப்போயிற்று. பத்து பெரண்டாமில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் காதை வைத்துக் கேட்டார், எதையோ மாட்டிப் பார்த்தார்.

"உள்ள இருக்கிற டிஸ்க்கு போயிருச்சுலா அக்கா. ஒண்ணும் எடுக்க முடியாது. பேக்கப் இருக்கா?"

"ஒரு வெள்ளி தவறினதில்ல."

"அப்ப நீங்க ராணி. பாதி பேரு இங்க நின்னுதான் அழுவாங்க."

அந்தப் பெருமையோடு சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, புதிய டிஸ்க் போட்ட லேப்டாப்பில் உன் டிஸ்க்கைச் செருகிப் பட்டியலைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே நம் வீடு. உன் அண்ணன், நான், பிள்ளைகள் இருவர். அதற்குக் கீழே உன் பெயர், அனுஷம்.

கொஞ்ச நேரம் உன் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போன ஆடியில், நாம் துக்கத்தில் இருந்ததால் கோயிலுக்குப் போகாமல் தாளை மட்டும் உன் அண்ணனிடம் கொடுத்தனுப்பினேன். அப்போதே உன் பெயரை என் கையால் எடுத்திருந்தேன். எடுத்த பெயர் எப்படித் திரும்பி வந்தது என்று யோசித்தபோதுதான் நகலின் தேதியைப் பார்த்தேன். அது நான் அப்டேட் போட்டதற்கு முந்தைய வெள்ளி. அந்த அப்டேட்டுக்குப் பிறகு ஒரு நகலும் விழவில்லை. நீ இதில் உயிரோடு இருக்கிறாய் என்றால், இந்த ஒன்றரை வருஷத்தில் மற்ற வீடுகளில் போனவர்களும் இருக்கிறார்கள். இதை அச்சடித்துக் கொடுத்திருந்தால், எத்தனை பேர் கைகூப்பி நிற்கும்போது குருக்கள் அந்தப் பெயர்களுக்குத் தீர்க்காயுள் கேட்டிருப்பார். எந்தத் தப்பை நிறுத்தத் தொடங்கினோமோ, அதையே நம் பட்டியல் செய்திருக்கும்.

வெள்ளிக்கிழமை திருவிழா. எனக்குத் தெரிந்து மூன்று சாவு, இரண்டு பிறப்பு. மற்றவை நினைவில் நிற்கவில்லை. சாமிக்குக் காப்புக் கட்டுகிற வாரத்தில் ஒரு வீட்டுக்குப் போன் போட்டு, உங்கள் வீட்டில் யாராவது தவறினார்களா என்று கேட்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, விபூதி இட்டு, பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினேன். "இந்த வருஷம் யார் யார் பேருக்கு அர்ச்சனை?" அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "போன வருஷமே குடுத்தோமேக்கா" என்றார்கள் சிலர். "தப்பு வந்துரக்கூடாதுலா, அதான்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சோறு வடித்து வைத்துவிட்டு, உன் புரோகிராமை எடுத்துப் பார்த்தேன். டிஸ்க்கிலேயே அதையும் போட்டு வைத்திருந்தாய். புதிதாக ஏற்றி, டிஸ்க்கைச் செருகினேன். விளக்கு மினுக்கியது. திறந்து பார்த்தேன், ஒன்றும் விழவில்லை. சரி, எது வேலை செய்கிறது என்று பார்ப்போம் என்று வேறொரு ஃபோல்டர் தொடங்கி, அதில் பாசாரில் வாங்கும் சாமான் பட்டியலைப் போட்டு நகல் எடுக்கச் சொன்னேன். சமர்த்தாக எடுத்தது. அப்படியானால் புரோகிராமில் நோய் இல்லை, கோயில் பட்டியல் இருக்கும் ஃபோல்டருக்குள்தான் அதனால் போக முடியவில்லை. புரோகிராமைக் கையால் ஓட்டியபோது சிவப்பில் ஒரு ஆங்கில வரி வந்தது. நோட்டில் எழுதி, அகராதியை வைத்துப் படித்தேன். அனுமதி இல்லையாம். அப்டேட்டோடு புதிதாக ஒரு காவல் வந்திருக்கிறது. யார் யார் உள்ளே போகலாம் என்று அதனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, உன் புரோகிராம் அதில் இல்லை. அந்தக் காவல் பட்டியலைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மணி நேரம். சோறு ஆறிப்போயிற்று. சேர்த்துவிட்டு ஓட்டியதும், பழைய நகலை அழித்துவிட்டுப் புதியதை வைக்கட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். பட்டியல் இன்னும் சரியாகவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் உனக்கே தெரியும்.

புதன்கிழமை கடைசி வீடு செல்வி. பத்து பெரண்டாம் தாமான் குடியிருப்பில் இருக்கிறாளே, அவள். அவள் கணவர் போய்ப் பதினான்கு மாதம். திவசத்துக்கு நானே போயிருந்தேன். போனில் அவள், "சரவணன், சதயம்" என்று தொடங்கினாள். அவர் பெயர்தான். பின்னால் டிவி சத்தம் கேட்டது.

"எழுதிக்கிட்டேன்லா. அடுத்து?" என்றேன். பிள்ளைகள் பெயரைச் சொல்லி, கடைசியாகத் தன் பெயரைச் சொன்னாள்.

சொல்ற பேர எழுதுங்க என்றாய். எழுதினேன். போனவர் பெயரையே ஒருத்தி சொல்வாள் என்று நாம் இருவரும் யோசிக்கவில்லையே. "இதுல என்ன யோசன, எடுத்துரு" என்றார் உன் அண்ணன். போனவருக்கு அர்ச்சனை கூடாது, எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்த வரியில் என் ரப்பர் படவில்லை. அம்மனிடம், நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

வியாழன் காலை அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, நேத்து அவர் பேரையும் சொல்லிட்டேன்ல."

"சொன்ன."

"நீங்க ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீ சொன்ன, நான் எழுதினேன்."

"எடுத்துருங்கக்கா. புள்ளைங்க பக்கத்துல நிக்கும், குருக்கள் படிச்சா தாங்காதுங்க. நீங்களா எடுத்திருந்தா எனக்குக் கஷ்டமா இருந்திருக்கும். நானே சொல்லிட்டேன், இப்ப பரவால்ல" என்றாள்.

அவள் வைத்த பிறகுதான் நான் நம் வீட்டு வரிக்குப் போனேன். போன வருஷம் எண்ணெய்க் கறையைத் துடைப்பதுபோல் அவசரமாக அழித்தேன். இந்த முறை உன் பெயரையும் நட்சத்திரத்தையும் ஒரு தரம் வாய்விட்டுப் படித்தேன். பிறகு எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு டிஸ்க்கைச் செருகினேன். பழையதை அழிக்கட்டுமா என்று புரோகிராம் மறுபடி கேட்டது. நீ இருக்கும் கடைசிப் பட்டியல் அது. வேறு எங்காவது எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று கை போனது. பழைய டிராயிங் ஒன்று எங்கே கிடந்தாலும், யாராவது ஒருத்தர் அதைப் பார்த்துப் போர்டு செய்வார் என்று நீ திட்டுவாய். சரி என்று அழுத்தினேன். விளக்கு மினுக்கி நின்றது. கழற்றாமல் நகலைத் திறந்து நம் வீட்டு வரியைப் பார்த்தேன். உன் அண்ணன், நான், பிள்ளைகள் இருவர். நீ இல்லை. நகல் சரியாக விழுந்திருக்கிறது.

அன்று மாலை குருக்கள் ஐம்பத்தெட்டு வீட்டையும் படித்து முடிக்கும்வரை நான் அம்மனைப் பார்க்கவில்லை, கூட்டத்தின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முகமும் வாடவில்லை. செல்வியின் சின்னவன் கொட்டாவி விட்டான்.

இன்று காலை, எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் கோயில் பட்டியலில் தன் வீட்டையும் சேர்க்கச் சொல்லி வந்தாள். யார் யார் என்று கேட்டேன். இரண்டு பெயர் சொன்னாள். மூன்றாவதுக்கு வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். முன்பென்றால் நான் ஏதாவது கேட்டிருப்பேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்குத் தேநீர் கலக்க எழுந்தேன்.